சட்டையில் ஊசிப்புல்

பாண்டீஸ்வரி கணவனின் முழுக்கைச் சட்டையை மடியில் போட்டு ஊசிப்புல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கௌதம்ராஜ் செத்து நாலாம் நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைப் பிரித்து, சட்டையையும் பேண்ட்டையும் மூன்று முறை அலசியிருக்கிறாள். ரத்தம் போய்விட்டது. புல் போகவில்லை.

மம்சாபுரத்துத் தரிசில் மாசி மாதம் இதுதான் நிற்கும். மழைக்கு முளைத்துக் கதிர்விட்டு, காய்ந்து ஊசியாகிவிடும். துணியில் ஏறினால் ஏறிய பக்கமாகவே இழுத்து எடுக்க வேண்டும். பின்னால் இழுத்தால் ஒடியும்.

பேண்ட்டை என் பக்கம் தள்ளினாள்.

"மில்லுக்கும் போகாம சும்மாதான இருக்கீய. இதப் பாருங்கண்ணே."

நானும் அவனும் ஒரே மில், ஒரே ஷிப்ட். அன்று காலை ஷிப்ட் முடிந்து ராஜபாளையத்திலிருந்து வரும்போது முன்னால் அவன் வண்டி, கொஞ்சம் பின்னால் என் வண்டி. இடித்த லாரி நிற்கவில்லை. தூக்கி எறியப்பட்டுத் தரிசுக்குள் விழுந்தான், விழுந்ததும் உயிர் போய்விட்டது. போலீசிடம் அப்படித்தான் சொன்னேன். இவளிடமும்.

அதை வைத்துத்தான் இவள் இரண்டு வாய் சோறு தின்கிறாள். துக்கத்துக்கு வருகிறவர்களிடம், "அவிய கஷ்டப்படாமப் போயிட்டாவ" என்று இவளே சொல்கிறாள்.

பேண்ட்டை விரித்தேன். இரண்டு முட்டியிலும் ஊசிப்புல் அப்பியிருந்தது. அவள் பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்தேன். நாலு ஒடிந்தது.

அவள் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முழங்கை இரண்டும் புல்லாக இருந்தன. நெஞ்சிலும் இருந்தது. முதுகில் ஒன்றுகூட இல்லை.

"குப்புற விழுந்தான்" என்றேன், அவள் கேட்காமலே.

"நான் ஆடு மேச்சவ. விழுந்தா இப்படி ஏறாது. தவந்து போனாத்தான் ஏறும்."

நான் பேண்ட்டை முட்டி உள்ளே போகும்படி மடித்தேன்.

"எம்புட்டு நேரம்ண்ணே?"

"கொஞ்ச நேரம்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு புல்லை உருவி முறத்தில் போட்டாள். அடுத்ததைப் பிடித்தபடி கேட்டாள்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீயல்ல?"

அவன் விழுந்தது தரிசில் இல்லை. தார் ரோட்டில். கண் மூடிக் கிடந்தான். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனில் சார்ஜ் இருந்தது. செத்தவனுக்கு எதற்கு ஆம்புலன்ஸ் என்று, ஆள் கூட்டிவர ஊருக்குள் போனேன். போய்த் திரும்ப முக்கால் மணி நேரம்.

திரும்பியபோது ரோட்டில் அவன் இல்லை. தரிசுக்குள், பம்புசெட் தொட்டிக்கு இருபதடி இந்தப் பக்கம், கையை நீட்டியபடி செத்துக் கிடந்தான்.

"இருந்தேன் தாயி" என்றேன்.