பென்சில்காரரின் முப்பத்தோரு கேள்விகள்

குழாயைத் திறந்து, முகத்தில் மூன்று கை குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டாள் அவள். கோபம் இறங்கவில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. புதன்கிழமைதோறும் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் யார் யார் எங்கே பொறுமை இழந்தோம் என்று ஒப்புக்கொள்கிற குழுவில் மூத்தவள். கோபம் தலைக்கேறினால் எந்த வேலையில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் போன் போடலாம் என்பது குழுவின் விதி.

"அக்கா, அந்த ஆளை அவர் பென்சிலாலயே குத்திடுவேன் போல இருக்கு."

"குத்தாத. மூச்சை உள்ள இழு." அக்கா எதையோ மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தாள். "அப்படி என்னதான் பண்றாரு?"

"கேள்வி கேக்குறாருக்கா. மொத்தம் முப்பத்தொண்ணு. நான் பதில் சொன்னதும் டிக் அடிக்கிறாரு. அப்புறம் யோசிச்சு ரப்பரால அழிக்கிறாரு. அழிச்ச தூளை என் பக்கமா ஊதுறாரு."

விஷயம் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தாலே பாதிக் கோபம் இறங்கிவிடும். உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள், அதே சமயம் உன்னை மாற்றிக்கொள் என்று இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற வைத்தியம். இதில் தோதான ஆள் அமைவது குதிரைக்கொம்பு. அமைந்தாலும் அவளுக்கு நிலைப்பதில்லை, அவள் நாக்கு அப்படி. இரண்டு மாதத்தில் மூன்று பேர் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள்.

நான்காவதாக வாய்த்தவர்தான் இந்தப் பென்சில்காரர். இவரும் வேண்டாமென்று எழுந்துவிட்டால் சிகிச்சைக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று காலையில்தான் முடிவு செய்திருந்தாள். முழுக்குப் போட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"உங்களுக்குக் கோபம் வருமான்னு கேட்டாருக்கா. வராதுன்னேன். இப்ப வந்த மாதிரி இருக்கேன்னு சொல்லி எழுதிக்கிட்டாரு."

"வந்துதா?"

"வந்துது."

"அப்ப அவர் சரியாத்தானே எழுதியிருக்காரு." அக்கா வாயில் இருந்ததை விழுங்கினாள். "கோபம் என்ன செய்யச் சொல்லுதோ அதுக்கு நேர்மாறா செய். கத்தணும்போல இருந்தா மெதுவாப் பேசு. உதைக்கணும்போல இருந்தா உபசாரம் பண்ணு. போ, மனுஷன் எழுந்து போயிடப் போறாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். பென்சில்காரர் ஷார்ப்னரில் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். சீவல் பாதி மேஜைமேலும் பாதி தரைவிரிப்பிலும் கிடந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது நிமிஷம்" என்றார்.

அவரை நாற்காலியோடு தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு. ஆகவே அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே மெத்தென்ற தலையணையாகப் பார்த்து எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"சாஞ்சுக்குங்க சார்."

அவர் சந்தேகத்தோடு சாய்ந்துகொண்டார். "இருபத்தாறாவது கேள்வி. நீங்க இதுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"நாலு வருஷம்."

"பாதியில விட்டிருக்கீங்களா?"

"விட்டுடலாம்னு நினைச்சிருக்கேன். விட்டதில்ல."

"குழுவுக்கு ஒழுங்காப் போறீங்களா?"

"ஒரு புதன்கிழமை தவறினதில்ல சார்."

"ஞாயித்துக்கிழமை போன் அடிச்சா எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"குளிச்சுக்கிட்டு இருந்தா?"

அவள் பல்லைக் கடித்தாள். பிறகு நேர்மாறாகப் புன்னகைத்தாள். "துவட்டிட்டு எடுப்பேன்."

அவர் டிக் அடித்தார், யோசித்தார், அழித்தார், ஊதினார். "முப்பதாவது கேள்வி. உங்க மூக்கு ஏன் சிவந்திருக்கு?"

"அது லிஸ்ட்ல இருக்கா சார்?"

"இருந்ததை அழிச்சுட்டு இப்பதான் எழுதினேன். சரி, அதை விடுங்க. கடைசிக் கேள்வி. ஒன்பது நிமிஷம் எங்க போனீங்க?"

வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அதுவும் உடனே மாட்டிக்கொண்டது.

"உங்கமேல கோபம் வந்துது சார்" என்றாள் மெதுவாக. "இங்கேயே இருந்தா கத்திடுவேன்னு பயந்துதான் போனேன். முகம் கழுவினேன். குழுவுல ஒருத்தங்களுக்குப் போன் போட்டு, என்ன செய்யலாம்னு கேட்டுட்டு வந்தேன்."

பென்சில் நின்றது. அவர் எதையும் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. கேள்வித்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போச்சு, நான்காவது ஆளும் போச்சு.

அவர் கதவுவரை போய்த் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி பத்துப் பேரைப் பார்த்துட்டேன். பத்துப் பேரும் கோபமே வராதுன்னாங்க. இருபதாவது கேள்விக்குள்ள பத்துப் பேரும் கத்தினாங்க."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, தலையணையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

"என் கோபத்துக்கு நீங்களே வைத்தியம் பாருங்க, டாக்டர்."