யோகராணியின் வாக்குமூலம்

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பாய்ந்த யோகராணி, தனக்கு உதவ வந்த மொழிபெயர்ப்பாளரின் கன்னத்தில் ஐந்து நகங்களையும் பதித்து இழுத்தாள். கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைன் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்து, விரிப்பெல்லாம் இரத்தமானது. கான்ஸ்டபிளும் இரண்டு நர்ஸ்மாரும் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுத்தார்கள்.

தலையில் அடிபட்டவள், அவளைக் குறை சொல்லக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார் சச்சிதானந்தன், கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றியபடி. மனுஷருக்கு அப்படியொரு பொறுமை. 1976இல் மெல்பேர்னின் அந்தப் பக்கத்துப் போலீசுக்குத் தெரிந்த ஒரே தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவர்தான்.

ஒன்பது நாளைக்கு முன், பட்டப்பகலில், டாண்டினோங் புறநகர் வீட்டில் யோகராணியின் கணவன் விக்னராஜாவை அம்மிக்குழவியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். ஒரு அடியோடு விடவில்லை. முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியவில்லை. சமையலை விட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்த அவளுக்கும் மண்டை பிளந்தது. வந்தவன் மெத்தை, தலையணை எல்லாம் கிழித்து எதையோ தேடியிருக்கிறான். எதை என்றுதான் போலீசுக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து அவர்களுடைய ஆறு வயது மகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுவதும் குடும்ப நண்பரான சச்சிதானந்தன்தான்.

ஒன்பது நாளும் நினைவில்லாமல் கிடந்த யோகராணி இன்று காலையில்தான் கண்விழித்தாள். ஊரிலிருந்து வந்து நாலு மாதம். ‘தாங்க் யூ’வுக்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வராது.

டிடெக்டிவ் பார்த்தலட், அன்றைக்குத்தான் இந்த வழக்குக்கு மாற்றலாகி வந்தவர். வெள்ளைத் தோல், பூனைக்கண், பெரிய தொப்பை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, அடித்தவனைப் பார்த்தாளா என்று கேட்கச் சொன்னார்.

“இவன்தான்,” என்றாள் யோகராணி. “இந்த நாய்தான் என்ர மனுசனைக் குழவியால இடிச்சுக் கொன்றவன். அண்ணை எண்டு கதவு திறந்து விட்டனான்.”

முகமூடி போட்டிருந்தானாம், முகம் தெரியவில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான் சச்சிதானந்தன். இனி அவனுக்கென்ன மரியாதை? மொழிபெயர்க்க மறுத்தால் வேறு யாரையாவது பிடித்து வந்துவிடுவார்கள் என்றுதான் விழுந்தடித்து ஓடி வந்திருக்கிறான்.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பார்த்தலட்டின் பேனா அவள் பேசும்போதெல்லாம் ஓடியது. சச்சிதானந்தன் மொழிபெயர்க்கும்போது ஓய்ந்து கிடந்தது. வெள்ளைக்காரன் பொழுது போகாமல் படம் கீறுகிறான் என்று அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு.

வந்தவன் எதைத் தேடினான் என்பது அடுத்த கேள்வி. சச்சிதானந்தன் அவள் பக்கம் குனிந்தான். அவன் குரலில் அத்தனை கனிவு.

“இஞ்ச பார். உன்ர பெட்டை என்ர வீட்டிலதான் நிக்கிறாள். நீலக்கல்லு ஒன்பதும் எங்க எண்டு சொல்லு. இல்லாட்டி அவளுக்கும் தகப்பன்ர கதிதான்.”

யோகராணி டிடெக்டிவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, இரண்டு வரி எழுதிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து அனுப்பினார். தேத்தண்ணி வாங்கத்தான் என்று சச்சிதானந்தன் நினைத்துக்கொண்டான்.

“அவற்ர பழைய இங்கிலிசுக் கதைப் புத்தகம்,” என்றாள் அவள் கடைசியில். “முதுகு அட்டைக்குள்ள வச்சுத் தைச்சவர். என்ர பிள்ளையைத் தொடாத.”

சச்சிதானந்தனுக்குத் தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பறியும் நாவல் அது. ஒரு கொலை, காணாமல் போன ஒரு புதையல். இரவல் கேட்டபோதெல்லாம் விக்னராஜா மழுப்புவான். கொன்ற அன்று அதைக் காலால் எத்திவிட்டுத்தான் மெத்தையைக் கிழித்தான்.

எதைத் தேடினான் என்று அவளுக்குத் தெரியாதாம் என்றான் டிடெக்டிவிடம். கணவனின் ஞாபகமாக ஒரு பழைய புத்தகம் கேட்கிறாள், வீட்டுக்குப் போய் எடுத்து வரலாமா என்றும் பணிவாகக் கேட்டான். தாராளமாக, இந்த வேலை முடியட்டும் என்றார் பார்த்தலட்.

பிறகு அரைமணி நேரம், எந்தக் கதவு, எத்தனை மணி என்று கேள்விகள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். அவன் தன் இஷ்டத்துக்குச் சொன்னான். கான்ஸ்டபிள் திரும்பி வந்து வாசலில் நின்று தலையாட்டினான். அவன் கையில் தேத்தண்ணி இல்லை.

பார்த்தலட் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எழுதியது சரி என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போடுவது நடைமுறை. சச்சிதானந்தன் பேனாவை வாங்கிக் குனிந்தான்.

பக்கத்தில் படம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து. முதல் வரியில் ‘இவன்தான்’. அதற்குக் கீழே, ‘உன்ர பெட்டை என்ர வீட்டிலதான் நிக்கிறாள்’.

பேனாவைக் கத்தி மாதிரி ஓங்கிக்கொண்டு அவன் கட்டில் மேல் பாய்ந்தான். கான்ஸ்டபிள் பிடரியில் பிடித்துச் சுவரோடு மோதிய மோதலில் மூக்கெலும்பு நொறுங்கியது. ஒரு பல் யோகராணியின் போர்வையில் வந்து விழுந்தது. விலங்கு மாட்டி இழுத்துப் போகும்வரை அவள் பிள்ளை, பிள்ளை என்றே கத்திக்கொண்டிருந்தாள்.

பார்த்தலட் கதிரையைக் கட்டிலருகே இழுத்தார்.

“பிள்ளை கீழ நிக்கிறா, அழாதங்க தங்கச்சி,” என்றார். “நான் மட்டக்களப்பில பிறந்து வளர்ந்த பறங்கி.”