வழுக்குப் படி

"சாமிக்குச் சொதி வைக்கட்டா, உளுந்தஞ்சோறு பொங்கட்டா?" என்று கேட்டாள் கோமதி.

"எதையாவது வை. எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சுதான் சாப்பிடுவாவளாம். ருசி பாக்கப்பிடாதாம்" என்றார் அவள் கணவர் குத்தாலிங்கம்.

"ஒடிசாவுல மலைக்குள்ள பள்ளிக்கூடம் நடத்துதாவ. அங்கன இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது? ரெண்டையும் செய்யுதேன். சாரல்ல வாசப்படி பாசியாக் கெடக்கு, நீங்க அதைத் தேச்சு விடுங்க."

மதியம் காவி வேட்டியோடு சாமி வந்தார். கூடவே மடத்துச் சீடர் ஒருவரும் வந்தார். குத்தாலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். கோமதி பரிமாறியதையெல்லாம் சாமி ஒன்றாகப் பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"நல்லா இருங்க, தாயே" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். படி மறுபடியும் நனைந்திருந்தது.

"ஏலே சங்கரு! பாத்துலே, வழுக்கும்!"

காலைத் தூக்கிய சாமி அப்படியே நின்றார். சீடர் திடுக்கிட்டுக் கோமதியைப் பார்த்தார்.

"என்னட்டி இது?" என்று பதறினார் குத்தாலிங்கம். "பெத்த புள்ளையா இருந்தாலும் பழைய பேரச் சொல்லிக் கூப்பிடப்பிடாதுன்னு மடத்துல எத்தன தடவ சொன்னாவ!"

கோமதி கை கூப்பினாள். "வாய் தவறிட்டு. மன்னிச்சுக்கிடுங்க, சாமி."

சாமி திரும்பவில்லை. புத்தகப் பையோடு ஓடிய நாள்களில் செய்தது போலவே, இரண்டு கால்களையும் சேர்த்து, அந்தப் படியைத் தாண்டித் தெருவில் குதித்தார்.