நிற்காத சீழ்க்கை

கொதிக்கும் மீன்குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்தபடி சமையல் குடிசையிலிருந்து ஓட்டமாக வந்தான் ஓன்டுவா. விரல் பொசுங்கியது, உதட்டிலோ சீழ்க்கை நிற்கவில்லை.

விருந்துக்கு வந்திருந்த மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன மாப்ளே, வெள்ளைக்கார துரை பங்களாவுல சோத்தோட பாட்டும் போடுறாங்களா?"

பின்னாலேயே அவித்த வாழைக்காய்த் தட்டோடு வந்த ஓன்டுவாவின் சின்ன மகளும் அப்பாவைப் போலவே உதட்டைக் குவித்து ஊதினாள்.

"நிறுத்துடி!" என்று கத்தினான். தட்டு அவள் கையிலிருந்து நழுவியது.

"பச்சப்புள்ள ஊதினா என்ன குத்தம்?" என்றார் மாமனார்.

ஓன்டுவா குனிந்து, சிதறிய வாழைக்காய்களைப் பொறுக்கினான். அவன் வேலை செய்யும் பங்களாவில் துரைசானி போட்ட சட்டம் அது. சமையல்கட்டிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை சீழ்க்கை நிற்கக் கூடாது. நின்றால், வேலைக்காரன் தட்டில் வாய் வைத்துவிட்டான் என்று அர்த்தம்.