பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

மதியம் மூன்று மணிதான். நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரச் சன்னல்களில் அதற்குள் டிசம்பர் இருட்டு அப்பிக் கிடக்கிறது. கணித ஆய்விதழ் அலுவலகத்தில் சோல்ஃப்ரிட் மெய்ப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் கணவன் ஐவிந்தும் சேர்ந்து எழுதிய கடைசிக் கட்டுரை அது. மதிப்பீட்டாளர்கள் துருவித் துருவிப் படித்து ஏற்றுக்கொண்டபோது அவன் உயிரோடு இல்லை. இறந்துபோனவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை ஒன்று போடுவது இந்த இதழின் வழக்கம். போட்டிருக்கிறார்கள், அவள் பெயருக்குப் பக்கத்தில். பார்த்தவுடன் அவளுக்கு அது பிழையாகவே படவில்லை.

இதழாசிரியர் டோர்கெய்ர் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஒரு கமா தப்பினா ஊரையே கூட்டுற ஆளுங்க நாம. இதைப் போய்க் கோட்டை விட்டுட்டோமே! அடிச்சுட்டு அவன் பேருக்கு மாத்திடு, சோல்ஃப்ரிட். இன்னிக்கே அச்சுக்குப் போகணும்."

"நீங்களே மாத்துங்களேன்."

"எழுதினவங்க கையாலதான் திருத்தணும். நம்ம விதி, தெரியாதா?"

அவர் போய்விடுகிறார். சிவப்புப் பென்சிலின் முனை ஐவிந்தின் பெயருக்கு மேலே நிற்கிறது. அந்தப் பெயர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலப் பளிச்சென்று இருக்கிறது. சுவரோரம் வெந்நீர்க் குழாய் டிக், டிக் என்கிறது. ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும் கூரை விளக்கு, அணைகிறது.

"அங்க யாருமில்லை," என்று வராந்தாவில் டோர்கெய்ர் யாரிடமோ சொல்கிறார். "விளக்கு அணைஞ்சிருக்கு பாரு."

கையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், விளக்கு எரிந்துவிடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் சற்று நேரம் அவனை உயிரோடு வைத்திருக்கிறாள்.