மாமியாரை மலையேற்றும் கியர்பாக்ஸ்

இரண்டே வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று தன் டிரெய்லர் வீட்டோடு வந்த லெஸ்டரின் மாமியார் வெர்னா, அவன் வீட்டுத் தோட்டத்தில் நான்காவது கிறிஸ்துமஸையும் கொண்டாடிவிட்டாள். அந்த வீட்டை இழுத்துவந்த டீசல் டிரக் மூன்று லட்சம் மைல் ஓடியது. இப்போது அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பலப்படுத்துகிறார்கள் என்றதுமே, எங்கள் கென்டக்கி மலையடிவாரத்துத் தெரு முழுவதற்கும் காரணம் விளங்கிவிட்டது: லெஸ்டர் மாமியாரை வழியனுப்பப் பார்க்கிறான்.

பக்கத்து வீட்டு ஹாய்ட் விசாரிக்கப் போனான். டிரக்குக்கு அடியில் இரண்டு பூட்ஸ் கால்கள் தெரிந்தன.

"என்னப்பா லெஸ்டர், இனிமே வீட்டை இழுத்துக்கிட்டு மேடு ஏறுமா?"

அடியிலிருந்து ஒரு கை நீண்டது. ஹாய்ட் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான்.

"போன தடவை மேட்டுல இன்ஜின் கத்துச்சே தவிர வண்டி நகரல. கிளட்ச் தட்டெல்லாம் கூடுதலாவே போடு. கிழவி பாதி வழியில திரும்பி வந்துடப் போறா!"

கை மறுபடியும் நீண்டது. சுத்தியலைக் கொடுத்தான்.

"ஆமா, உன் மாமியாருக்கு விஷயம் தெரியுமா?"

வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் சக்கரப் பலகை சர்ரென்று வெளியே உருண்டு வந்தது. அதில் முகமெல்லாம் ஆயிலோடு வெர்னா படுத்திருந்தாள்.

"நல்லாவே தெரியும்டா. மாப்பிள்ளை சுடற சோள ரொட்டியைத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. இன்னைக்குக் கிளம்பறேன்."

"அப்ப... லெஸ்டர்?"

"உள்ள அழுதுட்டிருக்கான். இனிமே ஓசியில வண்டி ரிப்பேர் பார்க்க ஆள் இல்லையேன்னு என் டிரக் சாவியை ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றவள், கையில் இரண்டு ஒயர்களோடு எழுந்தாள். "சாவி இல்லாமலும் வண்டியைக் கிளப்புவேன்னு அவனுக்குத் தெரியாது, பாவம்!"