பை வராமல் வாக்கில்லை

"பை வந்துச்சா இல்லையா? பை வராம ஓட்டெடுக்க முடியாதுக்கா. சட்டத்தோட முதல் பிரிவே அதான்."

வாடகைக் கார் ஓட்டும் தம்பி இதை மூன்றாம் முறையாகச் சொன்னான். சலவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. நான்கு நாற்காலிகள், ஒரு மேசை, கீழேயிருந்து ஓயாமல் ஏறிவரும் நீராவி. பிழைக்க வந்த அந்த அயல்நாட்டு நகரத்தில், அவர்களுடைய நாட்டின் நால்வர் சபை கூடும் இடம் அதுதான்.

அக்கா சபையின் எழுத்தர். உடன்பிறந்தவன் மட்டுமல்ல, அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் அவளை அக்கா என்றே அழைத்தனர். காலை முழுவதும் கீழே துணி தேய்த்துவிட்டு மாடியேறி வந்திருந்தாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

அவள் முன்னால் ஒரு படிவம் கிடந்தது. அதை ஐந்து மணிக்குள் பதிவு அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். தவறினால் நாடுகளின் பட்டியலிலிருந்து அவர்கள் நாட்டின் பெயர் நீங்கிவிடும். புதுப்பிக்கப்படும் அடையாள அட்டைகளில் 'நாடற்றவர்' என்று அச்சாகிவிடும். நாடற்றவருக்குச் செவிலியர் கல்லூரியில் இடமில்லை. அவள் மகளோ அந்தக் கல்லூரிக்காக இரண்டு ஆண்டுகளாகக் கண்விழித்துப் படித்தவள்.

இவ்வாண்டு படிவத்தில் புதிதாக நாட்டின் முழுப்பெயரைக் கேட்டிருந்தார்கள். மக்களாட்சியா, குடியரசா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஒரு கட்டத்துக்காகப் பதினான்கு கூட்டங்கள் நடந்து முடிந்திருந்தன.

"மக்களாட்சின்னு போடுக்கா," என்றான் தம்பி. "நூத்து நாப்பத்து மூணு பேரு இருக்கோம். எதுன்னாலும் கை தூக்கித்தான் முடிவு பண்றோம். இதுக்கு வேற என்ன பேரு?"

"கை தூக்கினா போதுமாடா?" என்றார் தையற்கடை வைத்திருந்த தாய்மாமா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "அன்னைக்குச் சுவர் எந்தப் பக்கம் கட்டறதுன்னு கை தூக்கினோமே, ஞாபகம் இருக்கா? வடக்கே ஆள் அதிகம். வடக்கேயே கட்டிக்கிட்டாங்க. தெற்கே இருந்த உங்கக்கா வீடு என்ன ஆச்சு? தலையை எண்ணி முடிச்ச பிறகும், சட்டம்னு ஒண்ணு நிமிர்ந்து நின்னு, 'இவ வீட்டுக்கும் சேர்த்துக் கட்டு'ன்னு சொல்லணும். அதுக்குப் பேரு குடியரசு."

"உங்க சட்டம் கிழிச்சுது, மாமா. தெற்குச் சுவருக்கு முறைப்படி அனுமதி வாங்கறேன்னு மூணு வருஷம் கோப்பு மேல உட்கார்ந்திருந்தது யாரு?"

மாமா கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

"ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டா என்ன?" என்றாள் அக்கா.

"பேருல ரெண்டையும் வச்சுக்கறவன்கிட்ட ரெண்டுமே இருக்காது," என்றார் மாமா.

தம்பி தலையை ஆட்டினான். பதினான்கு கூட்டங்களில் அவ்விருவரும் ஒத்துப்போன ஒரே செய்தி அதுதான்.

நான்கரை மணிக்கு ரொட்டிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பை மாதத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். அந்த மாதம் அவர் முறை. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் அந்தத் துணிப்பையை மேசையின் நடுவில் வைத்தார்.

"இதான் வர்ற நேரமாண்ணே?"

"பஸ்ஸெல்லாம் கூட்டம். இடிச்சு உடைச்சுடுவாங்களோன்னு மூணு பஸ்ஸை விட்டுட்டேன். உனக்கென்ன, காருலேயே சுத்தறவன்."

பை வந்துவிட்டது. வாக்கெடுப்புத் தொடங்கியது. தம்பி மக்களாட்சி என்றான். மாமா குடியரசு என்றார். ரொட்டிக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"நான் ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து மாவு பிசையறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நடுநிலைன்னு எழுதிக்கோ. பிள்ளைக்குச் சட்டுன்னு ஒரு பேரை வச்சு எங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

மீதியிருந்தது எழுத்தரின் வாக்கு ஒன்றே. இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்தைந்து. பதிவு அலுவலகத்துக்கு விரைந்து நடந்தாலும் இருபது நிமிடம் ஆகும்.

"குடியரசு," என்றாள்.

"ஏன்க்கா?" தம்பியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அதுல ஓர் எழுத்து குறைச்சல்டா. கை வலிக்குது."

தெற்கே இருந்த வீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுக்காடி பதினாலு கூட்டம்?" என்றார் வென்ற மாமா. வென்ற களிப்பு அவர் முகத்திலும் இல்லை.

அக்கா எழுதத் தொடங்கினாள். நாட்டின் முழுப்பெயர் நிரம்பியது. மக்கள்தொகை, நூற்று நாற்பத்து மூன்று. கையொப்பம் இடப் பேனாவைக் கீழே இறக்கினாள்.

"அக்கா, இங்க ஒரு கட்டம் காலியா இருக்கே," என்று தம்பி விரலால் காட்டினான்.

நிலப்பரப்பு.

ரொட்டிக்காரர்கூடக் கண்ணைத் திறந்தார். கீழே சலவை இயந்திரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

அக்கா பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளேயிருந்த கண்ணாடிப் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நாட்டின் சொந்த மண்ணில் கூடினாலன்றிச் சபையின் முடிவு செல்லாது என்பது முதல் பிரிவு. பதினோர் ஆண்டுகளுக்கு முன் வடக்குச் சுவரையும் தாண்டிக் கடல் முழுவதுமாக விழுங்கிவிட்ட அந்தத் தீவில் எஞ்சிய மண்ணோ, அந்தப் புட்டிக்குள் இருந்தது மட்டுமே. மற்ற மூவரும் பார்த்திருக்க, காலியாயிருந்த கட்டத்தில் அவள் நிதானமாக எழுதினாள்: "அரைப்படி."